திரை வரவில்லையா? எக்ஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் தையல் வரிசைக்கு மேலே தொங்கும் உற்பத்திப் பலகை, நூற்பாலை ஆபீஸ் கணினி, எடைமேடை அறை, எம்ப்ராய்டரி டிசைன் போடும் மேசை என்று இங்கே பல இடங்களில் திரையை வரைந்து காட்டுவது எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1984இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வெளியானது. இவ்வளவு பழைய மென்பொருள் என்பதால் அதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களும் ஏராளம். அவற்றில் பாதி காலாவதியானவை. எந்த அறிகுறிக்கு எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள். எக்ஸ்ஆர்க் லாக் கோப்பின் முதல் எழுத்தும் எக்ஸ்11 அடைவின் எக்ஸும் .எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் எக்ஸும் பெரிய எழுத்து. சூழல் மாறிகளின் பெயர்களும் எச்டிஎம்ஐ போன்ற இணைப்புகளின் பெயர்களும் முழுக்கவே பெரிய எழுத்து. எஸ்எஸ்எச்சுக்குக் கொடுக்கும் -எக்ஸ், -ஒய் இரண்டும் அப்படியே.

எதையும் தொடுவதற்கு முன்

ஓடுவது எக்ஸ்தானா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற சூழல் மாறியை எக்கோ செய்தால் எக்ஸ்11 அல்லது வேலண்ட் (எக்ஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) என்று பதில் வரும். வேலண்ட் என்று வந்தால் கீழே உள்ளவற்றில் பலவும் பொருந்தாது. எக்ஸில் திரை அளவைக் காட்டி மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளை அங்கேயும் பதில் சொல்லத்தான் செய்யும், ஆனால் அதை வைத்துத் திரை அளவை மாற்ற முடியாது. மேசைச் சூழலின் அமைப்புகளில்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது லாக், அதாவது எக்ஸ் தான் செய்வதை எழுதி வைக்கும் பதிவு. வழக்கமான இடம் /வார்/லாக்/எக்ஸ்ஆர்க்.0.லாக். எக்ஸ் ரூட் உரிமை இல்லாமல் ஓடும் கணினிகளில் அது பயனரின் வீட்டு அடைவுக்குள், .லோக்கல்/ஷேர்/எக்ஸ்ஆர்க் என்ற இடத்தில் இருக்கும். திரையே வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துக் கன்சோலுக்குப் போய்ப் படியுங்கள். லாக்கின் வரிகளில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்தோ குறியோ இருக்கும். இரண்டு ஈ என்றால் பிழை, இரண்டு டபிள்யூ என்றால் எச்சரிக்கை. இரண்டு நட்சத்திரம் இருந்தால் அந்த மதிப்பு அமைப்புக் கோப்பிலிருந்து வந்தது, இரண்டு சமக்குறி இருந்தால் எக்ஸின் சொந்த இயல்புநிலை, இரண்டு சிறுகோடு இருந்தால் வன்பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பலரும் ஈ வரிகளை மட்டும் தேடிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு நட்சத்திர வரிகள்தான் அதிகம் உதவும். யாரோ எப்போதோ எழுதி வைத்த அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அவைதான் காட்டும்.

இன்னொன்று. கணினியை மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எக்ஸ் புதிதாகக் கிளம்பும்போது முந்தைய லாக்கை .ஓல்ட் என்று பெயர் மாற்றி வைக்கும், அதுவும் ஒன்றே ஒன்றுதான். இரண்டு முறை கிளப்பினால் கோளாறு நடந்த நேரத்தின் பதிவு போயே போய்விடும். முதலில் லாக்கை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

திரை முழுக்கக் கருப்பு, மூலையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டுகிறது

எக்ஸ் கிளம்பவே இல்லை. லாக்கின் கடைசியில் பெரும்பாலும் "நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்" என்று இருக்கும். இதைப் பார்த்ததும் மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. இந்த வாக்கியத்துக்கும் மானிட்டருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கிராபிக்ஸ் சாதனத்தையும் டிரைவரையும் சேர்த்து ஒரு திரையாக்க எக்ஸால் முடியவில்லை என்பதுதான் பொருள். காரணம் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கும்.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி, அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனது என்றால் இயங்குதளத்தின் மையமான கர்னலைச் சந்தேகியுங்கள். என்விடியாவின் டிரைவர் போல கர்னலுக்கு வெளியிலிருந்து வரும் மாட்யூல் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மறுபடி கட்டப்பட வேண்டும். கர்னல் ஹெடர் தொகுப்பு நிறுவப்படாமல் இருந்தால் அது கட்டப்படாது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை அதைக் காட்டிவிடும். எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே உடன் கொடுத்தால் எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்று தெரியும். மாட்யூல் கட்டப்பட்டும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது.

புதிதாக நிறுவிய கணினி என்றால் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் படியுங்கள். நிறுவும்போது திரை வரவில்லை என்று போட்ட நோமோட்செட் என்ற அளபுரு (கர்னல் கிளம்பும்போது கொடுக்கும் அமைப்பு) அப்படியே நிரந்தரமாகிவிட்டிருக்கும். அது இருக்கும்வரை கர்னலால் திரையின் அளவை நிர்ணயிக்க முடியாது. எக்ஸின் பொதுவான மோட்செட்டிங் டிரைவரும் வேலை செய்யாது. எடுத்துவிடுங்கள்.

பழைய கணினியின் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பை அப்படியே புதிய கணினிக்கு நகலெடுப்பது இன்னொரு காரணம். அதில் கார்டின் பஸ்ஐடி (அது செருகியிருக்கும் இடத்தின் எண்) எழுதியிருந்தால் கவனம் தேவை. எல்எஸ்பிசிஐ பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும், கான்ஃப் கோப்பு பத்தடிமானத்தில் எதிர்பார்க்கும். எல்எஸ்பிசிஐ 10:00.0 என்று காட்டினால் கான்ஃப் கோப்பில் பிசிஐ:16:0:0 என்று எழுத வேண்டும். எண் 9க்குள் இருக்கும்வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

1024க்கு 768க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் இது அடிக்கடி வருவது. மானிட்டர் தன்னைப் பற்றிய விவரங்களை ஈடிஐடி என்ற, குறைந்தது 128 பைட் கொண்ட தொகுப்பில் வைத்திருக்கும். என்னென்ன அளவுகளில் காட்ட முடியும் என்பதைக் கணினி அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. படிக்க முடியாமல் போனால் ஆபத்தில்லாத ஒரு சிறிய அளவில் நின்றுகொள்ளும்.

படித்ததா இல்லையா என்பதை நேரடியாகவே பார்க்கலாம். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவுக்குள் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அடைவு உண்டு, அதற்குள் ஈடிஐடி என்ற கோப்பு. அதை ஹெக்ஸ்டம்ப் செய்தால் முதல் எட்டு பைட்டுகள் 00, அப்புறம் ஆறு எஃப்எஃப், மறுபடி 00 என்று வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் தகவல் வரவில்லை என்று பொருள்.

விஜிஏ கேபிள் என்றால் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 15 முள்ளில் ஈடிஐடி தகவல் வருவது 12ஆவதிலும் அதற்கான கடிகாரத் துடிப்பு 15ஆவதிலும். இரண்டில் ஒன்று வளைந்தோ உள்ளே போயோ இருந்தால் படம் பளிச்சென்று வரும், அளவு மட்டும் ஏறாது. 9ஆம் முள் இல்லாமல் பல கேபிள்கள் வரும், அது குறை இல்லை. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசு சாக்கெட்டுக்குள் கெட்டியாக அடைந்துகொள்ளும். ஊசி வைத்துக் குத்தாமல், மெல்லிய தூரிகையால் எடுங்கள். நடுவில் ஒரு ஸ்பிளிட்டரோ ஸ்விட்சோ இருந்தால் அதை விலக்கி நேராக இணைத்துச் சோதியுங்கள். மலிவான ஸ்பிளிட்டர்கள் அந்த இரண்டு கம்பிகளையும் இணைப்பதே இல்லை.

கேபிளை மாற்ற வழியில்லை, இன்றே ஓட வேண்டும் என்றால் அளவை நாமே சொல்லலாம். சிவிடி 1920 1080 என்று கொடுத்தால் ஒரு மோட்லைன், அதாவது அந்த அளவை விவரிக்கும் எண்களின் வரி, வரும். அதில் முதல் எண் 173.00. ஒரு நொடிக்கு எத்தனை மெகா புள்ளிகள் என்பது அது. நான்காவது கிடைமட்ட எண் 2576, கடைசிச் செங்குத்து எண் 1120. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்த மொத்தம். 17 கோடியே 30 லட்சத்தை இவ்விரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் 59.96 வரும், அதுதான் புதுப்பிப்பு வீதம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. சிங்கிள் லிங்க் டிவிஐ இணைப்பும் பழைய எச்டிஎம்ஐ இணைப்பும் 165 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. 173 அதில் போகாது, திரை கருப்பாகும். சிவிடிக்கு -ஆர் சேர்த்துக் கொடுத்தால் ஓரங்கள் குறைந்து 138.50 ஆகும், அது போகும்.

1366க்கு 768 கேட்டால் சிவிடி 1368 என்று தரும். அது கிடைமட்ட அளவை 8இன் மடங்காக்கிக்கொள்ளும். படம் இரண்டு புள்ளி ஓரத்தில் மறையும், பெரும்பாலான ஆபீஸ் வேலைக்குப் பரவாயில்லை.

கிடைத்த எண்களை எக்ஸ்ரேண்டருக்கு நியூமோட் மூலம் அறிமுகப்படுத்தி, ஆட்மோட் மூலம் அந்த இணைப்போடு சேர்த்து, அவுட்புட், மோட் இரண்டையும் கொடுத்து இயக்குங்கள். இது அமர்வு முடியும்வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு சிறு கோப்பு போதும். அதில் ஒரே ஒரு மானிட்டர் பகுதி: ஐடென்டிஃபையராக எக்ஸ்ரேண்டர் காட்டும் இணைப்பின் பெயர், அப்புறம் மோட்லைன், அப்புறம் ப்ரிஃபர்டுமோட். முழு எக்ஸ்ஆர்க்.கான்ஃப் எழுத வேண்டாம். எக்ஸ் தானே சரியாகக் கண்டுபிடிக்கும் விஷயங்களையும் நாம் எழுதி வைத்தால், அடுத்த மானிட்டர் மாற்றும்போது அது எதிரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இணைப்பின் பெயர் டிரைவரைப் பொறுத்தது. மோட்செட்டிங் டிரைவர் எச்டிஎம்ஐ-1 என்று சொல்வதைப் பழைய இன்டெல் டிரைவர் கோடு இல்லாமல் எச்டிஎம்ஐ1 என்று சொல்லும், கர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்று சொல்லும். டிரைவர் மாறிய அன்று ஸ்கிரிப்ட் நின்றுபோனால் முதலில் இந்தப் பெயரைப் பாருங்கள்.

கரண்ட் வந்ததும் கணினி வருகிறது, பலகை வரவில்லை

"ஏனுங்கண்ணா, போர்டு மறுபடியும் கருப்பாயிருச்சுங்க. கம்ப்யூட்டரு ஓடிட்டுத்தானுங்க இருக்குது" என்று சூப்பர்வைசர் போன் செய்தால், நான் முதலில் கேட்பது "கரண்ட் போயி வந்துச்சுங்களா?" என்றுதான். பதில் பெரும்பாலும் ஆமாம் என்றே வரும்.

நடப்பது இதுதான். கணினி கரண்ட் வந்த உடனே தானாகக் கிளம்பும்படி பயாஸில் அமைத்திருப்பார்கள். மேலே தொங்கும் டிவியோ ரிமோட்டில் யாராவது அழுத்தினால்தான் எழும். எக்ஸ் கிளம்பும் நொடியில் டிவி தூங்கிக்கொண்டிருந்தால், எச்டிஎம்ஐ இணைப்பில் எதுவும் இல்லை என்று கர்னல் முடிவு செய்துவிடும். அப்புறம் டிவியைப் போட்டாலும், மேசைச் சூழல் எதுவும் இல்லாமல் வெறும் பிரவுசரை மட்டும் ஓட்டும் உற்பத்திப் பலகையின் கணினியில் புதிய இணைப்பைக் கவனித்து இயக்க ஆள் இல்லை.

அப்போதைக்குத் தூரத்திலிருந்து நுழைந்து எக்ஸ்ரேண்டரை --அவுட்புட், இணைப்பின் பெயர், --ஆட்டோ என்று கொடுத்தால் படம் வந்துவிடும். நிரந்தரத் தீர்வு கர்னல் அளவில். டிவி நன்றாக ஓடும் நேரத்தில் மேலே சொன்ன ஈடிஐடி கோப்பை நகலெடுத்து /லிப்/ஃபர்ம்வேர்/ஈடிஐடி அடைவில் போர்டு.பின் என்ற பெயரில் வையுங்கள். கர்னலைக் கிளப்பும் கிரப்பின் அமைப்பில் டிஆர்எம்.ஈடிஐடி_ஃபர்ம்வேர் என்ற அளபுருவுக்கு எச்டிஎம்ஐ-ஏ-1:ஈடிஐடி/போர்டு.பின் என்ற மதிப்பைக் கொடுங்கள். கூடவே வீடியோ என்ற அளபுருவுக்கு எச்டிஎம்ஐ-ஏ-1:ஈ. இந்த ஈ, ஆங்கிலத்தில் சின்ன எழுத்து, இணைப்பை எப்போதும் இயக்கத்தில் வை என்று சொல்கிறது. இரண்டிலும் வருவது கர்னல் சொல்லும் பெயர், எக்ஸ்ரேண்டர் சொல்வது இல்லை. கிராபிக்ஸ் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ் (கிளம்பும் தொடக்கத்தில் கர்னல் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பு) கட்டத்திலேயே ஏறினால், போர்டு.பின் கோப்பும் அதற்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்று கர்னலின் செய்திப் பதிவில் (டிஎம்இஎஸ்ஜி கட்டளை அதைக் காட்டும்) புலம்பிவிட்டுப் பழையபடி கருப்பாகவே நிற்கும். பலர் இங்கே விட்டுவிட்டு "இந்த வழி வேலை செய்யவில்லை" என்கிறார்கள். இனிட்ராம்எஃப்எஸைப் புதுப்பித்தால் வேலை செய்யும்.

இதைச் செய்த பிறகு டிவி எப்போது எழுந்தாலும் படம் தயாராக இருக்கும். டிவியை வேறு மாடலுக்கு மாற்றினால் கோப்பையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் திரை அணைந்துவிடுகிறது

கோளாறு இல்லை. எக்ஸின் இயல்பு அது, 600 நொடி. எக்ஸ்செட் க்யூ கொடுத்தால் நேரங்கள் தெரியும். பலகைக் கணினியில் எக்ஸ்செட் எஸ் ஆஃப், எக்ஸ்செட் -டிபிஎம்எஸ் இரண்டையும் அமர்வு தொடங்கும் ஸ்கிரிப்டில் சேருங்கள். மேசைச் சூழல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு திரைச்சேமிப்பு அமைப்பும் இருக்கும், அதையும் அணையுங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் நுழைவுத் திரைக்கே திரும்புகிறது

எழுத்துக் கன்சோலில் அதே பயனராக நுழைந்து டிஎஃப் -எச் கொடுங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தால் அமர்வுக்கான சாவியை வீட்டு அடைவில் எழுத முடியாமல் எக்ஸ் அமர்வு உடனே முடிந்துவிடும். சிசிடிவி பதிவுகளை அதே கணினியில் சேமிக்கும் இடங்களில் இதை நிறையப் பார்க்கலாம். இடம் இருக்கிறது என்றால் எல்எஸ் -எல்ஏ கொடுத்து .எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். யாராவது சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்திருந்தால் அது ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கும். அதை நீக்கினால் போதும், அடுத்த முறை புதிதாக உருவாகும்.

தொடுவது ஒரு திரை, நகர்வது இன்னொரு திரை

எடைமேடை அறைகளில் ஆபரேட்டருக்கு ஒரு தொடுதிரை, லாரி டிரைவர் பார்க்க வெளியே ஒரு திரை என்று இருக்கும். தொடுதிரையின் பரப்பை எக்ஸ் இரண்டு திரைகளின் மொத்தப் பரப்பாக எண்ணிக்கொள்கிறது. எக்ஸ்இன்புட் லிஸ்ட் கொடுத்துச் சாதனத்தின் எண்ணைப் பாருங்கள். எக்ஸ்இன்புட் மேப்-டு-அவுட்புட் என்று கொடுத்து, அந்த எண்ணையும் இணைப்பின் பெயரையும் சேருங்கள். நிரந்தரமாக்க, ஒரு இன்புட்கிளாஸ் பகுதியில் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்மேட்ரிக்ஸ். சம அகலமுள்ள இரண்டு திரைகளில் தொடுதிரை இடப்புறம் என்றால் 0.5 0 0 0 1 0 0 0 1, வலப்புறம் என்றால் 0.5 0 0.5 0 1 0 0 0 1.

தூரத்திலிருந்து கொடுத்தால் "கேனாட் ஓபன் டிஸ்ப்ளே"

கோவையில் உட்கார்ந்துகொண்டு பல்லடத்து ஆலைக் கணினியின் ஒரு சாளரத்தை எஸ்எஸ்எச் வழியாக இங்கே திறக்கும்போது வருவது. அந்தக் கணினியில் டிஸ்ப்ளே என்ற மாறியைப் பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட்:10.0 போல வர வேண்டும். காலியாக இருந்தால் நீங்கள் -எக்ஸ் கொடுக்காமல் நுழைந்திருக்கிறீர்கள், அல்லது அங்கே எக்ஸ்11ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறது, அல்லது எக்ஸ்ஆத் என்ற சிறு கருவி அங்கே நிறுவப்படவில்லை. மூன்றாவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. திரை இல்லாத சர்வர்களில் அது இருக்காது.

முதலில் திறக்கிறது, 20 நிமிடம் கழித்துப் புதிய சாளரம் மட்டும் மறுக்கிறது என்றால் அது வேறு. -எக்ஸ் மூலம் வரும், முழுதாக நம்பப்படாத இணைப்புக்கு எஸ்எஸ்எச் இயல்பாகக் கொடுக்கும் காலக்கெடு அது. உங்கள் சொந்தக் கணினிகளுக்கு நடுவே, முழுதாக நம்பும் -ஒய் பயன்படுத்தலாம்.

எக்ஸ்ஹோஸ்ட் + என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். விசைப்பலகையில் அடிப்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கதவைத் திறந்து வைப்பது அது.

தமிழ் கட்டமாக வருகிறது, அல்லது புள்ளி விழவில்லை

கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை. எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ கொடுத்து ஒன்றும் வரவில்லை என்றால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழை நிறுவுங்கள். எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் விழுகிறது என்றால் அந்தச் செயலிக்கு எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாது. எக்ஸ்டெர்ம் அப்படிப்பட்டது. எக்ஸில் தேட வேண்டாம்.

தமிழ்99 விசைப்பலகையைச் செட்எக்ஸ்கேபிமேப்பில் அமைத்தவர்கள், ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக விழவில்லை என்பார்கள். அது பிழை இல்லை. எக்ஸின் விசைப்பலகைப் பகுதியான எக்ஸ்கேபி ஒவ்வொரு விசைக்கும் ஒரு குறியைத் தரும், அதோடு சரி. முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்துப் புள்ளி வைப்பது ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறையின் வேலை. ஐபஸ் ஒரு செயலியில் வேலை செய்து இன்னொன்றில் செய்யவில்லை என்றால் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்ற மூன்று மாறிகளும் அமைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரியாக ஓடும்போது எழுதி வைக்க வேண்டியவை

லாக்கை எப்படிப் படிப்பது என்று தெரிந்தாலும், நன்றாக ஓடியபோது அது எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பாதி நேரம் யூகத்தில் போகும். அதனால் எந்தக் கணினியையும் ஒப்படைக்கும் நாளில் இந்த நான்கை ஒரு அடைவில் சேமிக்கிறேன்: எக்ஸ்ஆர்க் லாக், எக்ஸ்ரேண்டர் --வெர்போஸ் தரும் வெளியீடு, எல்எஸ்பிசிஐ -என்என்கே வெளியீடு, /ப்ராக்/சிஎம்டிலைன். கோளாறு வரும் நாளில் புதியதையும் பழையதையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால் மாறியது எது என்று கண்ணில் படும். நேரக் குறியீடுகள் ஒவ்வொரு வரியிலும் மாறியிருக்கும், அவற்றை எழுத்துகளை மாற்றும் எஸ்இடி கட்டளை கொண்டு நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவை, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் # போட்டு இந்த வரி ஏன் வந்தது என்று எழுதுங்கள். என்ன செய்கிறது என்பதைக் கையேட்டில் படித்துக்கொள்ளலாம், ஏன் என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். "ஸ்பிளிட்டர் ஈடிஐடி அனுப்புவதில்லை, ஸ்பிளிட்டரை மாற்றினால் இந்தக் கோப்பை நீக்கவும்" என்று ஒரு வரி இருந்தால், உங்களுக்குப் பிறகு வரும் தம்பி அதை நீக்கத் தயங்க மாட்டார். நீக்காமல் நிறுத்தி மட்டும் வைக்க வேண்டும் என்றால் கோப்பின் கடைசியில் உள்ள .கான்ஃபை மாற்றுங்கள். அப்படி முடியாத கோப்பை எக்ஸ் படிக்காது.

அறிகுறியை அந்த இடத்து ஆட்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "ஈடிஐடி தோல்வி" என்று எழுதினால் சூப்பர்வைசர் தேடும்போது கிடைக்காது. "கரண்ட் வந்த பிறகு போர்டு கருப்பு" என்று எழுதினால் அவரே கண்டுபிடித்து, நீங்கள் எழுதிய கட்டளையைத் தானே கொடுத்துவிடுவார். அந்தத் தாளை டிவியின் ரிமோட் வைக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். எந்த போர்ட்டில் எந்த கேபிள், டிவியின் மாடல், இணைப்புக்கு எக்ஸ் வைத்த பெயர், கர்னல் வைத்த பெயர், கடைசியாக மாற்றிய தேதி, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.